பதிமூணாம் மைல் பரிவட்டம்

சின்னாவிடுதி முக்கம் வந்தா ஒரு வார்த்தை சொல்லிடுங்க தம்பி. கண்டக்டர்கிட்டயும் சொல்லித்தான் வச்சிருக்கேன். ஆனா டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுக்கறப்பவே அவரு என் மூஞ்சியைப் பாக்கல, ஞாபகம் வச்சிருப்பாருன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. நீங்க பட்டுக்கோட்டை வரைக்குமா? நல்லதாப் போச்சு. அப்ப எனக்கு முன்னாடி எறங்கிட மாட்டீங்க.

இல்ல இல்ல, பை மடியிலயே இருக்கட்டும். மேல வைக்க வேணாம். கனமில்ல, ஆனா கசங்கக்கூடாத சாமான் உள்ள இருக்கு.

ஊருக்குப் புதுசுதான். வேட்டியைப் பாத்து ஏமாந்துட்டீங்க. நான் பொறந்ததே சிங்கப்பூர்ல. எங்கப்பா மன்னார்குடிப் பக்கத்துலேர்ந்து கப்பல் ஏறுனவரு. எம்பேரு கலியபெருமாள். வெள்ளைக்காரன் வாயில அது நுழையாது, பெர்ரின்னுதான் கூப்பிடுவான். பதினேழு வருஷம் நான் பெர்ரி. பதிமூணாம் மைல் கேம்ப்புல, ஆபீசருங்க சாப்பிடற மெஸ்ஸுக்கு ஹெட் பட்லர். கர்னல் துரை காலையில கண்ணு முழிச்சதும் பாக்கற மொத மூஞ்சி இதுதான்.

நீங்க? தாலுக்கா ஆபீஸா? அட. அப்ப ஒரு பேப்பரோட அருமை என்னான்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

தங்கச்சி மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம் தம்பி. தவமணின்னு பேரு. அங்க சிங்கப்பூர்லதான் கல்யாணம். பொண்ணோட அப்பன் வைரக்கண்ணு இங்க சின்னாவிடுதியில இருக்கான். அப்பன் வந்து தாரை வாத்துக் குடுத்தாத்தான் கழுத்தை நீட்டுவேன்னு அந்தப் பொண்ணு ஒத்தைக் கால்ல நிக்குது. அவனைக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். நான் வர்றதைத் தங்கச்சி எழுதிப் போட்டிருக்கு, முக்கத்துல வந்து நிப்பான். ரெண்டு பேருக்கும் பிளேன் டிக்கெட் எடுத்தாச்சு. அவன் வந்தா கல்யாணம். வரலன்னா அந்தப் பொண்ணோட வாழ்க்கை அப்படியே நிக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஏற்கனவே ஒரு மாதிரியாப் பேச ஆரம்பிச்சுட்டாங்க.

பத்து வருஷமா வரல. ஏன்னா கேக்கறீங்க? அது பெரிய கதை. சின்னாவிடுதிக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? முக்கால் மணியா? அப்ப சொல்லிடலாம்.

சிங்கப்பூர்ல வெள்ளைக்காரன் பட்டாளம் இருந்துச்சு. நாட்டுக்குச் சுதந்திரம் குடுத்தாச்சு, இனி அவ்வளவு தூரத்துல எதுக்கு இவ்வளவு படைன்னு லண்டன்ல உக்காந்து முடிவு பண்ணிட்டான். ஒரேயடியா இல்ல, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கறதுன்னு. ரேடியோல சொன்னாங்க, பேப்பர்ல போட்டாங்க. எங்க ஆளுங்க ஒருத்தனும் நம்பல. நான் நம்புனேன். ஏன்னா தட்டு வைக்கிறவன் நான்தானே? காலைச் சாப்பாட்டுக்கு எம்பத்தாறு தட்டு வைப்பேன். ஒரு பட்டாளம் கப்பல் ஏறுச்சு, அம்பத்திரெண்டு ஆச்சு. இன்னொண்ணு ஏறுச்சு, இருபத்தெட்டு. கடைசி வருஷம் ஒம்பது தட்டு. அவ்வளவு நீள மேசையில ஒரு மூலையில ஒம்பது பேரு உக்காந்து, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம முட்டை திம்பாங்க. பாக்க எனக்கே ஒரு மாதிரியா இருக்கும்.

வெள்ளைக்காரன் போறது அவன் வீட்டுக்கு. நம்மாளு எங்க போவான்? அந்தக் கேம்ப்ப நம்பி ஆயிரத்து இருநூறு பேரு. ஒரு பட்டாளம் போனா அது கூடவே இருநூறு பேருக்கு நோட்டீசு. என்னை மாதிரி அங்க பொறந்தவனுக்குப் பரவாயில்ல, குடியுரிமை இருக்கு, வேற வேலை பாத்துக்கலாம். இங்கேர்ந்து போனவனுக்கு வேலை இருந்தாத்தான் பெர்மிட்டு. பெர்மிட்டு இல்லன்னா நாகப்பட்டினம் கப்பல்தான்.

வைரக்கண்ணு இங்கேர்ந்து போனவன். பதினெட்டு வயசுல வந்து பம்ப் ஹவுஸ்ல சேந்தான். கேம்ப்பு முழுக்கத் தண்ணி அவன் கையில. அந்தப் பழைய மிஷினு அவன் சொன்னாத்தான் கேக்கும். நல்ல பையன்னுதான் எந் தங்கச்சி அமிர்தத்தைக் குடுத்தேன். குடியுரிமைக்கு எழுதிப் போடு மாப்ளன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! அடுத்த வருஷம் பாக்கலாம் மச்சான், அடுத்த வருஷம் பாக்கலாம்னே காலத்தை ஓட்டிட்டான். அதையும் நீங்க கணக்குல வச்சுக்கணும். எல்லாத்தையும் எந் தலையில கட்டக்கூடாது.

ஒரு வழி இருந்துச்சு. கேம்ப்போட தண்ணி, கரண்டு, பட்டறை எல்லாத்தையும் ஒரு கம்பெனி எடுத்து நடத்தறதா ஏற்பாடு. பழைய ஆளுங்கள்ல அறுபது பேரை வச்சுக்குவாங்க. அந்த அறுபதுல வரணும்னா ஒரு பாரம் எழுதிக் குடுக்கணும். இந்த ஆளு இல்லாம வேலை ஓடாதுன்னு அவனோட ஆபீசர் எழுதணும். அதுக்குக் கீழ கேம்ப்புத் தலைமை கையெழுத்துப் போடணும். பம்ப் ஹவுஸ் கேப்டன் நல்ல மனுஷன், ஊருக்குப் போறதுக்கு மொத நாளு ஒரு பக்கம் நெறைய எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. மிச்சம் கர்னல் கையெழுத்து ஒண்ணுதான். சனிக்கிழமை பகல் பன்னெண்டு மணிக்குள்ள பாரம் போய்ச் சேரணும். புதன்கிழமை சாயந்திரம் வைரக்கண்ணு அதைக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்தான். அமிர்தமும் கூட வந்துச்சு.

"மச்சான், கர்னல் ஆபீசுக்கு எங்களை விட மாட்டேங்கறாங்க. நீ தெனமும் அவரு மூஞ்சியில முழிக்கற. இது ஒன் கையிலதான் இருக்கு"ன்னான்.

"கவலைப்படாதே மாப்ள, கையெழுத்து வாங்கிக் குடுக்கறது எம் பொறுப்பு"ன்னேன். அமிர்தம் எங் கையைப் பிடிச்சு ஒரு தடவை கண்ணுல ஒத்திக்கிச்சு. அதுக்கு அப்ப வயித்துல ரெண்டாவது புள்ள. அப்புறம் அது தங்கல, அதை விடுங்க.

இது என்ன ஊரு, இவ்வளவு கூட்டம் ஏறுது? ஒரத்தநாடா? சரி சரி.

இப்பக் கோயில் விஷயத்துக்கு வரேன். அது புரியலன்னா ஒண்ணும் புரியாது. கேம்ப்புக்குள்ள எங்க மாரியம்மன் கோயில் இருந்துச்சு. நான் வர்றதுக்கு முன்னாடியே, ரோடு போடறேன்னு கோயிலை இடிக்க வந்தப்ப ஒரு கர்னல் துரை ரோட்டை வளைச்சுப் போடச் சொல்லிட்டாராம். அன்னையிலேர்ந்து திருவிழாவுக்குக் கேம்ப்புல எந்தக் கர்னல் இருக்காரோ அவருக்குத்தான் மொத மரியாதை. மாலை போட்டு, தலையில பட்டுப் பரிவட்டம் கட்டுவோம். சிவப்பா இருக்கற மனுஷன் இன்னும் சிவந்து போயி, வேர்த்து விறுவிறுத்து நிப்பாரு. பாக்க அவ்வளவு அழகா இருக்கும்.

ரெண்டாவது மாலை யாருக்கு? துரையைக் கையோட கூட்டிக்கிட்டு வர்ற ஆளுக்கு. அது யாருன்னு நீங்களே சொல்லுங்க. பதினாலு வருஷம் தம்பி. பதினாலு வருஷமும் அந்த மாலை என் கழுத்துல.

கடைசி வருஷம் ஒருத்தன் கெளம்பினான். சோணைமுத்துன்னு பட்டறை மண்டோர், நீங்க மேஸ்திரிம்பீங்க, யூனியன் ஆளு. வெள்ளைக்காரனே மூட்டை கட்டறான், அவன் தலையில எதுக்குப் பரிவட்டம், யூனியன் தலைவருக்குக் கட்டுங்கன்னான். கோயில் கமிட்டியில பெரிய சண்டை. கடைசியில முடிவு என்னான்னா, கர்னல் நேர்ல வந்தா பழைய வழக்கம். வரலன்னா யூனியன். ஞாயித்துக்கிழமை திருவிழா.

ஆக எங்கிட்ட ரெண்டு பேப்பர். வலது பையில வைரக்கண்ணு பாரம். இடது பையில கோயில் அழைப்பு.

இங்க எந் தொழிலைப் பத்தி ஒண்ணு சொல்லணும். துரைகிட்ட ஒரு நாளைக்கு ஒரு விஷயம்தான் பேசணும். சாப்பிட்டு முடிச்சு, பைப்பைப் பத்த வச்சு, "என்ன பெர்ரி?"ம்பாரு. அப்ப ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பேசினா ரெண்டும் கெட்டுடும். இது எவனும் எனக்குச் சொல்லிக் குடுக்கல, நானாக் கண்டுபிடிச்சது. பதினேழு வருஷத்துல நான் கேட்டு நடக்காத காரியம் ஒண்ணு கெடையாது. ஏன்னா நான் முறை தப்பினதே இல்ல.

வியாழக்கிழமை பாரம், வெள்ளிக்கிழமை கோயில். அதான் என் ஏற்பாடு. ஆத்தா மேல ஆணையா அதான் என் ஏற்பாடு தம்பி.

வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கு அடுப்படியில நிக்கறேன். சமையக்காரன் சொல்றான், "என்ன பெருமாளு, சோணைமுத்து ஆளுங்க யூனியன் தலைவருக்கு ரோசாப்பூ மாலைக்கே சொல்லிட்டாங்களாமே. துரை வரமாட்டாருன்னு பந்தயம் கட்டறாங்க"ன்னு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. ரோசாப்பூ மாலை! எவ்வளவு திமிரு பாருங்க.

கர்னல் சாப்பிட்டாரு. பைப்பைப் பத்த வச்சாரு. "என்ன பெர்ரி?"ன்னாரு.

எடுத்தது இடது கை.

அழைப்பைப் படிச்சாரு. சிரிச்சாரு. "கண்டிப்பா வரேன் பெர்ரி, கடைசித் தடவையாச்சே"ன்னாரு.

உங்க மூஞ்சி எதுக்குச் சுருங்குது? அந்த இன்னொரு பேப்பரையும் நீட்டியிருக்கலாமேன்னுதானே? நீட்டியிருக்கலாம். அவரு உடனே எழுந்து போகக்கூட இல்ல. பைப்பு அணையற வரைக்கும் ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் பக்கத்துலயே டீ கெட்டிலோட நின்னுக்கிட்டிருந்தேன். ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணு தம்பி. அதை மீறி எனக்குப் பழக்கமில்ல. வெள்ளிக்கிழமை ஒரு நாளு முழுசா இருக்கேன்னு நெனைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பான்.

அன்னைக்குச் சாயந்திரம் வைரக்கண்ணு வாசல்ல வந்து நின்னான். "குடுத்துட்டியா மச்சான்?"

"குடுத்துட்டேன் மாப்ள."

மறுநாள் காலையில எப்படியும் குடுக்கத்தானே போறேன்? பன்னெண்டு மணி நேரம் முன்னாடி சொன்னேன், அவ்வளவுதான். அதைப் பொய்னு சொல்லலாமா? நீங்க ஆபீஸ்ல வேலை பாக்கறவரு, எத்தனை பேருகிட்ட ஆயிடுச்சு ஆயிடுச்சுன்னு சொல்லியிருப்பீங்க.

வெள்ளிக்கிழமை ஒம்பது தட்டு வச்சேன். எட்டுப் பேரு வந்தாங்க. கர்னல் நாற்காலி காலி. ஏழரை ஆச்சு. எட்டு ஆச்சு. முட்டை ஆறிப்போச்சு. மேஜர்கிட்ட மெதுவாக் கேட்டேன். "அவரு அஞ்சு மணிக்கே பிளேன் ஏறிட்டாரு பெர்ரி. உடனே வரச்சொல்லி லண்டன்லேர்ந்து தந்தி. உனக்குச் சொல்லலையா?"ன்னாரு.

எனக்குச் சொல்லல. பதினேழு வருஷம், எனக்குச் சொல்லல.

அந்த நிமிஷம் மொதல்ல என்ன தோணுச்சுன்னு உள்ளதைச் சொல்லட்டா? ஞாயித்துக்கிழமை பரிவட்டத்துக்கு என்ன பண்றதுன்னுதான் தோணுச்சு. வலது பையில இருக்கற பேப்பரு அதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

ஒரு மணி நேரத்துல வைரக்கண்ணு அடுப்படி பின்கதவுல நிக்கறான். ஓடி வந்திருக்கான், மூச்சு வாங்குது. "மச்சான், துரை போயிட்டாராமே. பாரம்?"

நான் என்ன சொல்லுவேன்? "நேத்தே அவரு மேசைமேல வச்சேன் மாப்ள. கையெழுத்துப் போட்டாரா, போடலையா, எனக்கு எப்படித் தெரியும்?"ன்னேன். கர்னல் மேசையில இருந்ததை எல்லாம் வியாழக்கிழமை மத்தியானத்துலேர்ந்தே மரப்பெட்டியில போட்டு ஆணி அடிச்சுக்கிட்டிருந்தாங்க, லண்டனுக்கு அனுப்ப. அதோட போயிருக்கும்னு நெனைச்சுக்குவான், விதின்னு விட்டுடுவான்னு பாத்தேன்.

விடல. நேரா மேஜர்கிட்டப் போயிட்டான். அந்த மேஜரும் ஒரு பாவப்பட்ட மனுஷன். "இப்ப இங்க தலைமை நான்தான், என் கையெழுத்தே செல்லும். ஆனா கேப்டன் எழுதின அந்தப் பாரம் வேணும். அது இல்லாம வெறும் தாள்ல நான் எழுதினா கம்பெனிக்காரன் எடுத்துக்க மாட்டான். பெட்டிகளைத் திறந்து தேடிக்கோ. நாளைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் நேரம்"ன்னுட்டாரு.

முப்பத்தொரு பெட்டி தம்பி.

இதுவரைக்கும் இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. உங்களை இனிமே நான் பாக்கப்போறதில்ல. அதனால சொல்றேன். சனிக்கிழமை காலையில, பெட்டிங்களை அடுக்கி வச்சிருந்த முற்றத்துல நானும் போயி நின்னேன். கடப்பாறையை வாங்கி நானும் பெட்டி திறந்தேன். மாப்ள கஷ்டத்துல நிக்கறப்ப வீட்ல உக்காந்திருக்க முடியுமா? பாரம் எங்க இருந்துச்சா? இங்கதான். இந்தச் சட்டைப் பையில, நாலா மடிச்சு. வீட்ல வச்சா யாராவது பாத்துடுவாங்கன்னு கையோட வச்சிருந்தேன்.

இருங்க, முழுசாக் கேளுங்க. எடுத்துக் குடுக்கணும்னுதான் போனேன். ஏதாவது ஒரு பெட்டிக்குள்ள நைசாப் போட்டுட்டு, அடடா கெடைச்சிடுச்சுன்னு கத்திட்டா முடிஞ்சுது. மேஜர் அங்கயே ஒரு நாற்காலி போட்டு, பேனா மூடியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்காரு. ஒரு நிமிஷ வேலை. ஆனா வைரக்கண்ணு எம் பக்கத்தை விட்டு நகர மாட்டேங்கறான். நான் திறக்கற பெட்டியிலதான் அவனும் கையை விடுறான். ஒவ்வொரு தாளா எடுக்கறான், பாக்கறான், ஒழுங்கா அடுக்கறான். எங்கிலீசு படிக்கத் தெரியாது அவனுக்கு. கேப்டன் கையெழுத்து எப்படி இருக்கும்னு மட்டும் தெரியும். ஆணி கிழிச்சு விரல்லேர்ந்து ரத்தம் வருது, தாள்ல பட்டுடக் கூடாதுன்னு வேட்டியில தொடைச்சுத் தொடைச்சு எடுக்கறான்.

இந்தப் பெட்டியில போட்டுடலாம். வேணாம், அடுத்த பெட்டியில. அடுத்ததுல. பத்து மணி ஆச்சு. பதினொண்ணு ஆச்சு.

இருபத்தாறாவது பெட்டியில அவன் தண்ணி குடிக்கத் திரும்பினான். கையைப் பைக்குள்ள விட்டேன். பேப்பர் முனை வெளியில வந்துடுச்சு. நிமிந்து பாத்தா எதுக்க அமிர்தம். தூக்குவாளியில காப்பி கொண்டாந்து, டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்குது. கையை உள்ள இழுத்துட்டேன். தங்கச்சி முன்னாடி எப்படித் தம்பி எடுக்கறது? நேத்து மேசையில வச்சேன்னு சொன்னது பொய்யின்னு ஆயிடாதா? அது பாத்திருக்காது. நல்ல வெயிலு, கண்ணைக் கூசும். பாத்திருந்தா கேட்டிருக்குமே? ஒண்ணும் கேக்கல. காப்பியை ஊத்திக் குடுத்துட்டுப் போயிடுச்சு. எனக்கு மட்டும் குடுக்க மறந்துடுச்சு.

முப்பதாவது பெட்டி. முப்பத்தொண்ணு. பன்னெண்டு மணிச் சங்கு ஊதிடுச்சு.

மேஜர் பேனாவை மூடினாரு. எழுந்து வந்து வைரக்கண்ணு தோள்ல கையை வச்சாரு. அப்படியே போயிட்டாரு. வைரக்கண்ணு கீழ உக்காந்து, எடுத்த தாளை எல்லாம் திருப்பிப் பெட்டிக்குள்ள அடுக்க ஆரம்பிச்சான். விடு மாப்ள, அவங்க அடுக்கிக்குவாங்கன்னேன். "திறந்தது நான்தானே மச்சான்"ன்னான்.

சின்னாவிடுதி தாண்டிடலையே? இன்னும் நாலு ஸ்டாப்பா? சரி.

ஞாயித்துக்கிழமை திருவிழா. அதைக் கேளுங்க, அதுதான் முக்கியம். கர்னல் இல்ல. மேஜருக்குக் கட்டற வழக்கம் கெடையாது. யூனியன் தலைவரு ரோசாப்பூ மாலைக்காகத் தயாரா நிக்கறாரு. பூசாரி பரிவட்டத்தைத் தட்டுல வச்சுக்கிட்டு முழிக்கறாரு. அப்ப அந்தச் சோணைமுத்துவே முன்னாடி வந்து சொல்றான், "யாருக்கும் வேணாம்யா. பதினஞ்சு வருஷம் நம்ம லைன் வீட்டுக்கெல்லாம் தண்ணி ஊத்தினவன் வர்ற வியாழக்கிழமை கப்பல்ல போறான். அவனுக்குக் கட்டுங்க"ன்னு. சனம் பூரா ஆமா ஆமான்னுச்சு.

வைரக்கண்ணு வந்தான். குனிவான்னு பூசாரி துணியை விரிச்சாரு. அவன் குனியல. துணியைக் கையில வாங்கினான். கூட்டத்தை விலக்கிக்கிட்டு நேரா எங்கிட்ட வந்தான். வந்து, அத்தனை பேரு பாக்க, எந் தலையில கட்டினான் தம்பி! எந் தலையில! கட்டி முடிச்சு, இங்க, நெஞ்சு மேல, சட்டைப் பை இருக்குற இடத்துல உள்ளங்கையை வச்சு, "போதுமா மச்சான்?"ன்னான். அவ்வளவு அன்பாக் கேட்டான். மேளக்காரன்கூட அடிக்கறதை நிறுத்திட்டுப் பாத்தான். அந்த மாதிரி மரியாதை எந்தக் கர்னலுக்கும் நடந்ததில்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அதுக்கு அப்புறம் பத்து வருஷம். அமிர்தத்துக்கு மாசம் ஒரு ஏர்மெயில் வரும். எனக்கு ஒரு வரி கெடையாது. மச்சான் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கெடையாது. சோம்பேறிப் பய. டிக்கெட் எடுத்துத் தரேன், வந்து பாத்துட்டுப் போடான்னு எத்தனை தடவை சொல்லி அனுப்பினேன். பெர்மிட்டோடதான் வருவேன்னு பதில். எவ்வளவு வீம்பு பாருங்க. புருஷன் இல்லாத தங்கச்சியையும் புள்ளையையும் பத்து வருஷமா என் வீட்ல வச்சுக் காப்பாத்துறேன். அமிர்தமும் இப்பல்லாம் அதிகம் பேசறதில்ல. சோத்தைப் போட்டு வச்சுட்டு உள்ள போயிடும். என்னை அண்ணேன்னு கூப்பிட்டே ரொம்ப நாளாச்சு. வயசாகுதுல்ல.

ஆனா ஒண்ணு. கல்யாணப் பேச்சு வந்தப்ப அதே அமிர்தம் எங்கிட்ட வந்து, "நீயே போயி அவரைக் கூட்டிட்டு வா. அது உன்னாலதான் முடியும்"னுச்சு. வேற யாருகிட்டயும் சொல்லல பாத்தீங்களா? எம்மேல அவ்வளவு நம்பிக்கை. பையைக்கூட அதுதான் அடுக்கிக் குடுத்துச்சு. தஞ்சாவூர்ல வந்து திறந்து பாக்கறேன். இந்தப் பரிவட்டத் துணி அடியில இருக்கு. அது மேல, எடுத்ததும் கையில படற மாதிரி, இந்தப் பாரம். ட்ரங்குப் பெட்டி அடியில பத்து வருஷமாப் பூட்டி வச்சிருந்தது. எப்படி மேல வந்துச்சுன்னே தெரியல. நானே ஏதோ மறதியில எடுத்து வச்சிருப்பேன்.

வச்சதும் நல்லதாப் போச்சு. வாயால சொல்ல எனக்குத் தைரியம் வராது தம்பி. அவன் மூஞ்சியைப் பாத்தா நான் மெட்ராஸைப் பத்திப் பேசுவேன், மழையைப் பத்திப் பேசுவேன், இதை மட்டும் பேச மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். இந்தப் பேப்பரைக் கையில குடுத்துட்டா அதுவே சொல்லிடும். அப்புறம் அவன் அடிச்சாலும் சரி, வந்து பொண்ணைத் தாரை வாத்துட்டு அதுக்கு அப்புறம் அடிக்கட்டும்.

எதை மொதல்ல குடுக்கறதுங்கறதுதான் நேத்துலேர்ந்து எனக்குப் பெரிய ரோசனை. நீங்க சொல்லுங்க. பேப்பரையா? எடுத்த எடுப்புலயா? இல்ல தம்பி, அது முறையில்ல. பத்து வருஷம் கழிச்சுப் பாக்கறோம். மொதல்ல துணியை எடுத்து அவன் தலையில கட்டிடுவேன். அன்னைக்கு அவன் எனக்குக் கட்டினான், இன்னைக்கு நான் அவனுக்கு. மனசு எளகிடும். பேப்பரை அப்புறமாக் குடுக்கலாம். இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல குடுத்தா ரெண்டும் கெட்டுடும்.

இந்தாங்க, நீங்களே பாருங்க. பிரிச்சுப் பாருங்க, கிழியாம. கேப்டன் கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு பாத்தீங்களா? அதுக்குக் கீழ அந்தக் காலியிடம், அங்கதான் கர்னல் போட்டிருக்கணும். படிங்க படிங்க. அதுக்குள்ள நான் துணியை மேல எடுத்து வச்சுக்கறேன்.

என்ன? இதுவா முக்கம்? ஐயையோ. அதோ, கொடையோட ஒருத்தன் நிக்கறான். அவன்தான்! தலை பூரா நரைச்சிடுச்சே. ஹோல்டான்! கண்டக்டரே, ஹோல்டான்! ஆளு எறங்கணும்! செருப்பு எங்க? இருக்கு. பை இருக்கு. துணி இருக்கு, மடிப்புக் கலையல. எல்லாம் எடுத்தாச்சு. வழி விடுங்கம்மா, கொஞ்சம் வழி விடுங்க.

மாப்ள! வைரக்கண்ணு மாப்ள! நான்தான், பெருமாளு!

என்ன தம்பி, ஜன்னல் வழியா எதையோ பிடிச்சுக்கிட்டு அவ்வளவு பெருசாக் கையை ஆட்டுறீங்க? வண்டி கெளம்பிடுச்சு, கையை உள்ள இழுத்துக்குங்க, மரத்துல இடிச்சுக்கப் போறீங்க. சரி, சரி, போயிட்டு வாங்க. நல்லபடியாப் போயிட்டு வாங்க.

பாரு மாப்ள, முக்கால் மணி நேரப் பழக்கம்தான். என்னா மரியாதையான புள்ள!